நாய்க்கு அரிப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுக்கலாமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவு ஒன்றரை மணிக்குச் சளப் சளப் என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பூந்தி முன்னங்காலை வாய்க்குள் வைத்து நக்கிக்கொண்டிருக்கிறாள். விரலிடுக்கில் இருக்கும் வெளிர் ரோமமெல்லாம் எச்சில் பட்டுப் பட்டுத் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வாமை உள்ள நாயை வளர்ப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். பூந்தி எங்கள் வீட்டு லாப்ரடார், வயது ஏழு. இரண்டாவது வயதில் ஆரம்பித்த அரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, போகவும் போகாது. அவளுக்கு இருப்பது அடோபி என்கிற ஒவ்வாமைத் தோல் நோய். சர்க்கரை நோயைப் போல அதைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம், அடியோடு தீர்க்க முடியாது. நான்கு வருடமாகத் தினமும் மருந்து சாப்பிடுகிறாள்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாலு வருஷமா? ஈரல், கிட்னி எல்லாம் என்ன ஆகும்?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நான் மருத்துவர் கிடையாது, நாய் வளர்ப்பவன், அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடத்தில் தோல் மருத்துவரிடம் கேட்டதும், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை வரிவரியாகப் படித்ததும், முதலில் நாங்கள் செய்த தவறும் சேர்ந்து எனக்கு ஒன்றைப் புரிய வைத்தன. பெரும்பாலான நாய்களுக்கு இந்த மருந்துகளை நீண்ட காலம் கொடுக்க முடியும். ஆனால் சரியாக நோயைக் கண்டுபிடித்திருக்க வேண்டும், அரிப்பை அடக்கும் மிகக் குறைந்த அளவில் கொடுக்க வேண்டும், யாராவது ஒருவர் இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பார்த்த கெடுதல்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்று விடுபட்ட வீடுகளில்தான் நடந்தன, எங்கள் வீடு உட்பட.

முதல் படி: மாத்திரைக்கு முன், அரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

அவசரப்பட வேண்டாத இடம் இது. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி, பாக்டீரியா, பூஞ்சை, உணவு எனப் பல காரணங்களில் நாய் சொறியும். காரணம் உண்ணியாக இருக்கும்போது அரிப்பு மாத்திரை கொடுத்தால் அரிப்பு நிற்கும், உண்ணி பாட்டுக்கு ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும்.

தெள்ளுப்பூச்சியை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை நனைத்துத் தரையில் விரியுங்கள், நாயை அதன்மேல் நிறுத்தி இடுப்பிலிருந்து வால் வரை பேன் சீப்பால் வாருங்கள். விழும் கருப்புத் துகள்கள் ஈரத்தில் கரைந்து செங்காவி நிறத்தில் பரவினால் அது மண் அல்ல, தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது உங்கள் நாயின் செரித்த ரத்தம். வால் அடியிலும் பின்தொடையிலும் மட்டும் கடித்துக்கொள்ளும் நாய்க்கு முதல் சந்தேகம் இதுதான். தமிழ்நாட்டு வெயிலில் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது, அதனால் தடுப்பு மருந்து வருடம் முழுக்க வேண்டும். ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர், சரோலேனர் வகை மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் சில நாய்களுக்கு இவற்றால் நடுக்கம், வலிப்பு போன்றவை வந்திருப்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து கிருமி. ஒரு துண்டு செல்லோ டேப்பை விரலிடுக்கில் ஒட்டி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை அடிக்கும் காது, கருத்துத் தடித்த அக்குள் இவையெல்லாம் பூஞ்சைக்கு அடையாளம். ஒவ்வாமை உள்ள தோலில் கிருமி எளிதாகக் குடியேறும், குடியேறிய கிருமி அரிப்பை இன்னும் கூட்டும். இதைச் சரிசெய்யாமல் எந்த விலை உயர்ந்த மருந்து கொடுத்தாலும் "மருந்து கேட்கவில்லை" என்றுதான் தோன்றும், கை தானாக அளவைக் கூட்டப் போகும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி உள்ளே இருக்கும்போது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் அது பெருகிவிடும்.

அப்புறம் உணவு. வருடம் முழுக்க அரிப்பு இருக்கும் நாய்க்கு, அதுவும் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வந்தால், உணவுச் சோதனை செய்யாமல் வாழ்நாள் மருந்துக்குப் போகாதீர்கள். நாய்களுக்கு ஒவ்வாத உணவுகளில் முன்னால் நிற்பவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. நம் வீட்டு நாய்கள் பால் சோறு, தயிர் சாதம், கோழிக்கால், பிஸ்கட் என்று வளர்வதை நினைத்துப் பாருங்கள். எட்டு வாரம், நாய் இதுவரை தொடாத ஒரு புரதமும் ஒரு மாவுப் பொருளும் மட்டும், அல்லது டாக்டர் எழுதித் தரும் புரதம் உடைக்கப்பட்ட உணவு மட்டும். நாங்கள் ஒரே வகை மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேகவைத்துக் கொடுத்தோம். முதல் முறை மூன்றாவது வாரத்தில் சோதனை கெட்டது, காரணம் எதிர்வீட்டு அக்கா பாசத்தில் கேட் வழியாகக் கொடுத்த பால் பிஸ்கட். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். கோழிச் சுவை சேர்த்த மெல்லும் மாத்திரைகள்கூட இந்த எட்டு வாரத்தில் கூடாது. பூந்திக்கு உணவால் எந்த மாற்றமும் வரவில்லை, அதனால்தான் அடோபி என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் சில நாய்களுக்கு இந்த ஒரு சோதனையிலேயே மருந்து வாழ்க்கை முடிந்துபோகும், அதற்காகவே இது பட வேண்டிய பாடு.

இரண்டாவது படி: டாக்டர் எழுதித் தரும் மருந்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் "அலர்ஜி மாத்திரை" என்றே சொல்கிறோம், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகள் இவை. பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன் மாத்திரை, அல்லது வாரக்கணக்கில் உடலுக்குள் நிற்கும் ஊசி. விலை குறைவு, வேகம் அதிகம், ஒரே நாளில் நாய் அமைதியாகிவிடும், அதனால்தான் இது இவ்வளவு புழங்குகிறது. கடுமையான அரிப்பை உடைக்க ஐந்து நாள், ஒரு வாரம் கொடுப்பதில் தப்பில்லை, டாக்டர் சொன்னால் பயப்பட வேண்டாம். ஆபத்து, மாதக்கணக்கில் நீளும்போது. எங்கள் கதை அதுதான். முதல் ஒரு வருடம், அப்போது போய்க்கொண்டிருந்த ஒரு கிளினிக்கில் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள், என்ன ஊசி என்று நானும் கேட்கவில்லை. ஊசி போட்டால் சரியாகிவிடும், தேய்ந்ததும் திரும்பும், மறுபடி ஊசி. 28 கிலோ இருந்த பூந்தி 34 கிலோவானாள். வயிறு தொங்கியது, தொடைச் சதை கரைந்தது, மூச்சு எப்போதும் இரைத்தது. நள்ளிரவில் எழுந்து தண்ணீர் கேட்டாள், வீட்டுக்குள் ஒருமுறைகூட அசுத்தம் செய்யாதவள் கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாள். வேறு டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறா?" பாட்டிலால் அளந்து ஊற்றிப் பார்த்தோம், நாலரை லிட்டர். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாய் குடித்தால் அது நோய்க்குறி என்றார். மருந்தால் வந்த குஷிங் நோய், அதாவது உடலில் ஸ்டீராய்டு அளவுக்கு மீறிப் போனதால் வந்தது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

ஸ்டீராய்டை நீண்ட காலம் கொடுக்கும்போது உடல் தன்னுடைய சொந்த ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. அதனால் பயந்துபோய் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து, நாய் துவண்டு விழுந்துவிடும். டாக்டர் சொல்லும் வரிசையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீண்டநாள் ஊசியில் இன்னொரு சிக்கல், போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரை என்றால் பக்கவிளைவு தெரிந்ததும் அளவைக் குறைக்க வழி இருக்கிறது. இன்னொன்றும் முக்கியம்: ஸ்டீராய்டு கொடுக்கும்போது மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். நொண்டுகிறது என்று வேறு டாக்டரிடம் போனால் ஸ்டீராய்டு ஓடுவதைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒக்லாசிடினிப், அதாவது அப்போக்வெல். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரிப்பு என்ற செய்தியை நரம்புக்குக் கொண்டுபோகும் வேதிப்பொருட்களின் வேலையை, முக்கியமாக ஜேஏகே-1 என்ற நொதியை, இது தடுக்கிறது. நாலு மணி நேரத்தில் அரிப்பு குறையத் தொடங்கும். ஸ்டீராய்டு இல்லை, அதனால் அந்தத் தண்ணீர் தாகமும் பசியும் தொங்கும் வயிறும் இதில் வராது. ஈரலையும் கிட்னியையும் நேராகத் தாக்கும் மருந்தாகவும் இது அறியப்படவில்லை. இங்கே நம் கவனம் இருக்க வேண்டியது வேறு இடத்தில்: நோய் எதிர்ப்பு சக்தி. தொற்று எளிதாக வரலாம், டெமோடெக்ஸ் தலைதூக்கலாம், ஏற்கெனவே இருக்கும் புற்றுக்கட்டி மோசமாகலாம் என்று மருந்துத் தாளிலேயே போட்டிருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கும், சினையாக இருக்கும் நாய்க்கும், பால் கொடுக்கும் நாய்க்கும், கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் இது கூடாது.

புற்றுநோய் பயம்தான் எல்லாரையும் உலுக்குவது, என்னையும் உலுக்கியது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 660 ஒவ்வாமை நாய்களை எடுத்து, இந்த மருந்தை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்ட 339 நாய்களையும், அதே வயதும் இனமும் கொண்ட, இதைச் சாப்பிடாத 321 நாய்களையும் ஒப்பிட்டார்கள். புற்றுக்கட்டி வந்த விகிதத்தில் இரண்டு கூட்டத்துக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் இது பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு, உங்கள் நாய்க்குக் கட்டியே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. லாப்ரடாருக்கு மருந்தில்லாமலே கட்டிகள் வரும். அதனால் நான் மருந்தையும் நிறுத்தவில்லை, மாதாமாதம் தடவிப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை.

லோகிவெட்மாப், அதாவது சைட்டோபாயின்ட். இது ஊசி, உள்ளே இருப்பது ஓர் எதிர்ப்பொருள். அரிப்பைத் தூண்டும் இன்டர்லூகின்-31 என்ற ஒன்றை மட்டும் பிடித்து அடக்குகிறது. பொதுவான நோய் எதிர்ப்பைக் குறைக்காது, ஈரல் கிட்னி வழியாக வெளியேற வேண்டிய வேலையும் இல்லை, சாதாரணப் புரதம் போல உடலுக்குள் சிதைந்துவிடும். ஒரு ஊசி நாலு முதல் எட்டு வாரம் தாங்கும். வயதான நாய், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடும் நாய், கட்டி இருந்த நாய் இவற்றுக்கெல்லாம் நான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதைத்தான். எல்லா நாய்க்கும் பலன் தராது, சில நாய்களின் உடல் இந்த மருந்துக்கே எதிர்ப்பை உண்டாக்கி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது திடீரென்று நின்றுவிடும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்து என்பதால், மின்வெட்டு உள்ள ஊரில் எப்படிச் சேமிக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சைக்ளோஸ்போரின் பழைய மருந்து, நம்பகமானது, ஆனால் பொறுமை வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும், முதலில் வாந்தியும் பேதியும் பல நாய்களுக்கு வரும், நீண்ட நாளில் ஈறு தடித்து வளரலாம். நன்றாகக் கேட்கும் நாய்களுக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்க முடிகிறது.

செட்டிரிசின் போன்ற சளி-அலர்ஜி மாத்திரைகள் பாதுகாப்பானவைதான், ஆனால் நாய்களின் அடோபிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை, லேசான அரிப்புக்குச் சில நாய்களிடம் கொஞ்சம் பலன் இருக்கும். இதில் உயிர்போகும் ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் "செட்டிரிசின் இருக்கா?" என்று கேட்டால் சில சமயம் பாரசிட்டமாலும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் மிச்சம் இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கலவைதான். நாய்க்கு அது விஷம். சூடோஎஃபிட்ரின் சேர்ந்ததும் அப்படியே. சிரப் என்றால் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் மனித மருந்து எதையும் கொடுக்காதீர்கள். மனிதருக்கான படர்தாமரை, சொறி களிம்புகளும் அப்படித்தான், பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, நாய் அதை நக்கி விழுங்கிவிடும்.

ஒவ்வாமை எதன்மேல் என்று சோதித்து, அதையே சிறு அளவில் ஊசியாகவோ நாக்கின் அடியிலோ கொடுத்துப் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும், ஆனால் நீண்ட காலப் பாதுகாப்பில் இதற்கு இணை எதுவும் இல்லை என்பது என் எண்ணம். இளம் நாய் என்றால் இதைப் பற்றி இப்போதே பேசுங்கள்.

மூன்றாவது படி: முதல் மாத்திரைக்கு முன் ஒரு அடிப்படைக் கணக்கு

தொடங்கும் நாளில் உடல் எப்படி இருந்தது என்று பதிவு இருந்தால்தான் பிறகு வரும் மாற்றம் மருந்தாலா வயதாலா என்று சொல்ல முடியும். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஈரல்-கிட்னி பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, சரியான எடை. எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம், எர்லிகியா கிருமி வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடலில் பதுங்கி இருக்கும், அதனால் அந்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கேட்டோம். காலை முதல் சிறுநீரைப் பிடிக்க ஒரு நீளக் கைப்பிடிக் கரண்டி போதும். நாய் குந்தும்போது சத்தமில்லாமல் பின்னால் நீட்ட வேண்டும், முதல் நாள் அவள் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள், மூன்றாவது நாள்தான் கிடைத்தது.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை யோசியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் பேராசிரியர்கள் பார்க்கும் இடம் அது.

நான்காவது படி: முதல் இரண்டு வாரமும், பதினைந்தாவது நாளும்

ஒக்லாசிடினிப் தொடங்கினால் அளவு கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, அதிகபட்சம் 14 நாள். அதற்குப் பிறகு ஒரு வேளைதான். 30 கிலோ நாய்க்கு 16 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்று கணக்கு வரும். நீங்களே அளவு முடிவு செய்வதற்காக இதைச் சொல்லவில்லை, சீட்டில் எழுதியதைச் சரிபார்த்துக் கேள்வி கேட்பதற்காகச் சொல்கிறேன். சாப்பாட்டோடும் கொடுக்கலாம், இல்லாமலும் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

பதினைந்தாவது நாள்தான் எல்லாரும் தடுமாறும் இடம். இரண்டு வேளை ஒரு வேளையாகும்போது அரிப்பு கொஞ்சம் திரும்பும். ராத்திரி மறுபடியும் அந்தச் சத்தம் கேட்கும், பாவமாக இருக்கும், கை மாத்திரைப் பெட்டிக்குப் போகும். அங்கேதான் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் உடல் பழகிவிடும். பழகவில்லை என்றால் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், கிருமி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார், வேறு ஒன்றைச் சேர்ப்பார் அல்லது மருந்தையே மாற்றுவார். நாமாக மாதக்கணக்கில் இரண்டு வேளை கொடுப்பது, மருந்துத் தாளின் பாதுகாப்புக் கணக்குக்கு வெளியே போவது. "எங்கள் நாய்க்கு இந்த மருந்தால் பிரச்சினை வந்தது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ஒரு வேளையா இரண்டு வேளையா என்றுதான்.

மெல்லும் வகை மாத்திரை வாங்கினால் பாட்டிலை உயரத்தில் பூட்டி வையுங்கள். ருசியாக இருப்பதால் நாய் மொத்தத்தையும் தின்றுவிடும்.

ஐந்தாவது படி: நோட்டுப் புத்தகம்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் இரவில் அரிப்புக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போடுங்கள். சும்மா எப்போதாவது சொறிந்தால் ஒன்று, நடையின் நடுவில் நின்று சொறிந்தால் ஐந்து, தூக்கத்திலிருந்து எழுந்து கடித்துக்கொண்டால் எட்டு ஒன்பது. எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "ஐப்பசி மழை மூணாம் நாள். 5. முன்கால் இரண்டும் ஈரம், துடைக்கலை. மாத்திரை காலை 8." இரண்டு வருட நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் வடகிழக்குப் பருவமழை வாரங்களில் மதிப்பெண் ஏறுவதும் பங்குனி சித்திரையில் இறங்குவதும் தெரிந்தது. டாக்டரிடம் காட்டினோம். இப்போது கோடையில் அளவைக் குறைத்து, மழைக்காலத்தில் குளியலைக் கூட்டுகிறோம்.

மாதம் ஒருமுறை எடை. மாதம் ஒருமுறை உடம்பு முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பது: தாடைக்குக் கீழ், தோள்பட்டை முன்பக்கம், அக்குள், முலைக்காம்பு வரிசை, தொடையிடுக்கு, முழங்கால் பின்புறம், விரலிடுக்கு, வாய்க்குள். எது தட்டுப்பட்டாலும் இடமும் அளவும் எழுதுங்கள், அளவைக் கடுகு, மிளகு, புளியங்கொட்டை, நெல்லிக்காய் என்று எழுதினாலே போதும், அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். போன வருடம் பூந்தியின் வலது விலாவில் புளியங்கொட்டை அளவு மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் சிறு ஊசியால் குத்தி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்தார், வெறும் கொழுப்புக் கட்டி. இன்றும் அதே புளியங்கொட்டைதான். "பார்த்தாலே தெரியுது, கொழுப்புதான்" என்று யார் சொன்னாலும் ஊசி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தமும் சிறுநீரும் தொடங்கிய மூன்றாவது மாதம் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். இளம் நாய்க்கு வருடம் ஒருமுறை போதும் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள், ஏழு வயதுக்கு மேல் நான் ஆறு மாதத்தை விடமாட்டேன். ஒக்லாசிடினிப்பில் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் இறங்கலாம், கொழுப்புச் சத்து கொஞ்சம் ஏறலாம், பெரும்பாலும் இயல்பு அளவுக்குள்ளேயே இருக்கும், ஆனால் தொடர்ந்து ஒரே திசையில் போகிறதா என்பதைப் பார்க்கத்தான் பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் வைக்கச் சொல்கிறேன். ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் சாப்பிடும் நாய்களுக்குச் சிறுநீர்த் தொற்று வெளியே தெரியாமலே இருக்கும், அவற்றுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஆறாவது படி: மாத்திரையின் சுமையைக் குறைப்பது

மாத்திரையைத் தவிர மற்றதெல்லாம் எவ்வளவு செய்கிறோமோ அவ்வளவுக்கு மாத்திரை குறையும். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு வாரம் ஒருமுறை, கிருமி இருந்தால் இருமுறை, நுரையைப் பத்து நிமிடம் உடம்பில் ஊறவிட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. போட்டதும் கழுவினால் பிரயோஜனம் இல்லை. வெளியே போய் வந்ததும் ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கை உலர்த்துங்கள். வீட்டுத் தூசியில் இருக்கும் சிற்றுண்ணிதான் பல நாய்களுக்கு எதிரி, அதனால் படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். டாக்டர் சொல்லும் அளவில் மீன் எண்ணெய், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இவ்வளவும் ஓடிய பிறகுதான் பூந்திக்கு வறண்ட மாதங்களில் அரை மாத்திரையிலேயே அரிப்பு இரண்டுக்குள் நிற்கிறது.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது, ஆனால் ஊசி போடும் இடத்தில் நாய் என்ன மருந்து சாப்பிடுகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சில மருந்துகள் தடுப்பூசியின் பலனைக் குறைக்கும். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இலுனோசிடினிப் என்ற புதிய மருந்துக்கு, தடுப்பூசிக்கு முன் குறைந்தது 28 நாள் முதல் மூன்று மாதம் வரையும், பின் குறைந்தது 28 நாளும் நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையோடுதான் அங்கே அனுமதி கொடுத்தார்கள். முகாமில் போட்டாலும் மருந்துப் பெயரை எழுதிய சீட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டியவை

காய்ச்சல், இரண்டு நாளாகச் சாப்பிடாமை, நிற்காத வாந்தி அல்லது பேதி, கருப்பாக மலம், மூச்சு வாங்குவது, ஈறு வெளிறிப்போவது, திட்டுத்திட்டாக முடி கொட்டுவது, ஒரே வாரத்தில் வளரும் கட்டி, ஆறாத புண், திடீரென்று கூடும் தண்ணீர் தாகம். தொற்று இருக்கலாம் என்று தோன்றினால் ஒக்லாசிடினிப்பின் அடுத்த வேளையைக் கொடுப்பதற்கு முன் ஃபோனிலாவது கேட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு ஓடுகிறது என்றால் நீங்களாக நிறுத்தாமல் உடனே நேரில் போங்கள். போகும்போது நோட்டும் ஃபைலும் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும், இரவு நேரத்தில் புதிய டாக்டர் பார்த்தால் அந்த மூன்றும்தான் உங்கள் நாயைப் பற்றி அவருக்குச் சொல்லும்.

கடைசியாக, "இதே மருந்து இன்னும் வேண்டுமா, இதைவிடக் குறைவாக முடியுமா?" என்று ஒவ்வொரு ஆறு மாத விசிட்டிலும் கேளுங்கள். டாக்டர்களுக்குக் கூட்டம் அதிகம், பழைய சீட்டையே திரும்ப எழுதிவிடுவது எளிது, நாம் கேட்டால்தான் யோசிப்பார்கள். பூந்திக்கு அடுத்த பரிசோதனை தை மாதம். அதற்கு முந்தின ஞாயிறு எடை, கட்டித் தடவல், காலையில் கரண்டி.